நடுவில் வைத்த தட்டுகள்



பாரிஸ் மாநகரின் உயர்தர லெபனான் உணவகமொன்றில் அண்மையில் உணவருந்த நேர்ந்தது. அங்கே முதலில் வருவது 'மெஸ்ஸே'. அது தனி ஒருவருக்கான உணவன்று. கொண்டைக்கடலையை அரைத்த ஹும்முஸ், தணலில் சுட்ட கத்தரிக்காயில் செய்த முத்தபல், கோதுமை நொய்யைவிடப் பார்சிலித் தழையே மிகுந்த தபூலே எனச் சிறு தட்டுகள் மேசையை நிறைக்கும். மெல்லிய ரொட்டியைக் கையால் பிய்த்து எல்லோரும் அவற்றிலிருந்தே எடுத்து உண்பர். வெண்விரிப்பைக் கண்டு நீங்கள் கூச வேண்டியதில்லை; அங்கு அதுவே மரபு.

என்னை அழைத்துச் சென்றது நமது பங்குக் குடும்பமொன்று. (அவர்களின் இசைவுடனேயே எழுதுகிறேன்.) மகன் மாரோனைட் பெண்ணொருத்தியை மணக்க விரும்புகிறான். தந்தைக்கு உடன்பாடில்லை. "சுவாமி, அவை வேற ஆக்களெல்லோ?" என்றார். மாரோனைட் மக்கள் உரோமையுடன் முழு ஒன்றிப்பிலுள்ள கத்தோலிக்கர், அவர்களது வழிபாட்டில் சிரியாக் மொழி இன்றும் ஒலிக்கிறது என்று வழியெல்லாம் விளக்கினேன். பயனில்லை.

மேசையில் கிப்பே வந்தது. தம் பாட்டி இறைச்சியையும் கோதுமை நொய்யையும் கல்லுரலில் இடித்தே இதைச் செய்வார் என்றும், தவக்காலத்தில் இறைச்சிக்குப் பதிலாகப் பூசணிக்காய் சேர்ப்பார் என்றும் பெண்ணின் தாயார் பிரெஞ்சு மொழியில் கூறினார். நம்மவர் நிமிர்ந்தார். "உரலோ?" என்று என்னிடம் கேட்டார்.

அதன்பின் பேச்சு தானாகவே போருக்குச் சென்றது. 1975 முதல் 1990 வரை நீண்டது அவர்களது உள்நாட்டுப் போர். பெண்ணின் தந்தை ஜூனியே துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சைப்பிரசுக்குத் தப்பியவர். நம்மவர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர். இருவரும் இருளையும் அலையையும் பற்றிப் பேச, பிள்ளைகள் இருவரும் உண்பதை நிறுத்திவிட்டார்கள். அக்கதைகளை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. உங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா?

பில் வந்தது. தொகையைச் சொல்லமாட்டேன்; நம் பங்குப் பணிமனையின் ஒரு மாத மின்கட்டணத்தை அது நினைவூட்டியது. யார் செலுத்துவது என்று தந்தையர் இருவரும் நெடுநேரம் இழுபறிப்பட்டனர். லெபனான்காரரே வென்றார்.

"சுவாமி, அடுத்த கிழமை இவையை எங்கட வீட்டை வரச்சொல்லுங்கோ. ஒடியல்கூழ் காய்ச்சுவம்," என்றார் நம்மவர், சற்றுக் கோபத்துடன். திருமணத்தைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.