ஒரு வாத்து, பதினோரு வாய்!

என் பையனுக்கு இரண்டு வயசு. நானும் மனைவியும் ஆபீஸ் கிளம்பியதும், அவன் குழந்தைகள் காப்பகத்துக்கு 'டியூட்டி'க்குப் போய்விடுவான். போன மாதம் திடீரென்று 103 டிகிரி காய்ச்சல். ஈறு வீங்கி, வாயெல்லாம் புண். எச்சில்கூட விழுங்க முடியாமல் ஒழுகியது. பால் டம்ளரைப் பார்த்தாலே அலறல்!

டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், "ஹெர்பிஸ்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவி என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை... எந்தக் கோர்ட்டிலும் அப்படிக் குறுக்கு விசாரணை நடந்திருக்காது.

டாக்டர் சிரித்தார். "நீங்க நினைக்கிறது வேற, ஸார். இது வாயில வர்ற டைப்-1. 2020 கணக்குப்படி 50 வயசுக்குக் கீழே இருக்கறவங்கள்ல 64 சதவீதம் பேர்கிட்ட இருக்கு. நிறைய பேருக்குத் தெரியறதே இல்லை!"

எச்சில்தான் வாகனம். முத்தம், ஸ்பூன், கடித்த பொம்மை... காப்பகத்து மஞ்சள் ரப்பர் வாத்து ஞாபகம் வந்தது. பதினோரு குழந்தைகளும் அதை முறைபோட்டுக் கடிக்கும்! புண் ஆறினாலும் கிருமி போகாதாம். முகத்து நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிற்பாடு ஜுரம், வெயில், டென்ஷன் என்றால் உதட்டில் கொப்புளமாக எட்டிப் பார்க்கும். நாம் 'சூடு' என்போம். குயவரிடம் காவி எழுதிக்கொள்கிறோமே அக்கி, அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி!

ஆன்ட்டிபயாடிக் இதற்கு உதவாது. மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் அசைக்ளோவிர் சீக்கிரம் குணப்படுத்தும். எல்லாவற்றையும்விட முக்கியம், உடம்பில் நீர் வற்றக்கூடாது. ஸ்பூன் ஸ்பூனாக மோர், இளநீர் கொடுத்து, எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறான் என்று நோட்டில் குறித்தோம். ஆளுக்கு ஐந்து நாள் லீவு. "வாய்ப்புண்ணுக்கா அஞ்சு நாள்?" என்றார் மேனேஜர். (அவருக்கு வந்தால் தெரியும்!)

கிளம்பும்போது டாக்டர் சொன்னதுதான் உறுத்தியது: "பச்சைக் குழந்தைக்குத் தொத்தினா உயிருக்கே ஆபத்து."

காப்பக அம்மாவிடம், மற்ற பெற்றோருக்குச் சொல்லச் சொன்னேன். "வேணாம் ஸார், பேர் கெட்டுடும்" என்றார்.

சாயங்காலம் கேட்டருகே நானே நின்றேன். ஸ்கூட்டரை அணைக்காமல் காத்திருந்த ஒவ்வொரு அப்பாவிடமும் சொன்னேன். இரண்டு பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் வீட்டில் பிறந்து பன்னிரண்டே நாளான பெண் குழந்தை. ஸ்கூட்டரை அணைத்தவர், "உங்க டாக்டர் நம்பர் குடுங்க ஸார்" என்றார்.