சுடாத விண்மீன்

அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் வகுப்புக்குச் சிஸ்டர் கொடுத்த தலைப்பு 'விண்மீன்கள்'. சூரியனையும் திருவாதிரையையும் மற்ற வகுப்பினர் முந்திக்கொண்டனர். எங்களுக்கு எஞ்சியது கண்ணுக்கே தெரியாத ஒரு பழுப்புக் குறுமீன். பெயர் வைஸ் 0855−0714. அது பெயரன்று; வானத்தில் அது இருக்கும் இடத்தின் எண், நம் பின்கோடு போல!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் கெவின் லூமன், வைஸ் விண்கலம் 2010-இல் எடுத்த அகச்சிவப்புப் படங்களை ஒப்பிட்டபோது, ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கக் கண்டார். ஸ்பிட்சர் தொலைநோக்கியாலும் அதைத் தொடர்ந்து பார்த்து, 2014 ஏப்ரலில் செய்தியை வெளியிட்டார். பக்கத்தில் இருப்பதால்தான் அது அவ்வளவு வேகமாக நகர்வதாகத் தோன்றுகிறது. சுமார் 220 ஆண்டுகளில் முழு நிலவின் அகலத்தைக் கடந்துவிடுமாம். தொலைவு ஏறக்குறைய 7.4 ஒளியாண்டு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள அண்டை வீட்டார் வரிசையில் அதற்கு நான்காம் இடம். இவ்வளவு அருகில் இருந்தும் 2014 வரை யாருக்கும் தெரியவில்லை என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை.

அதன் வெப்பநிலையை அவர் −48 டிகிரி முதல் −13 டிகிரி செல்சியஸ் வரை என மதிப்பிட்டார். விண்மீன் என்றால் சுடும் என்றல்லவா படித்தோம்? வியாழனைப்போல் 3 முதல் 10 மடங்கு நிறைதான் அதற்கு உண்டு. ஹைட்ரஜனை எரிக்க ஏறக்குறைய 75 மடங்காவது வேண்டும். 2016-இல் ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கி வழியே அதில் நீராவி இருப்பதைக் கண்டார்கள். நீர் மேகங்கள் இருப்பதற்கும் அறிகுறி தெரிந்தது.

அட்டையில் எழுதும்போதுதான் சண்டை வந்தது. நூல்களில் உள்ளபடி 'தோற்றுப்போன விண்மீன்' என்று நாங்கள் தலைப்பிட்டோம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிய எங்கள் தோழி எழுதுகோலைப் பிடுங்கிக்கொண்டாள். "பொருள் போதவில்லை, எரியவில்லை. இதில் தோற்றது எங்கே?" என்றாள். நாங்கள் வாயடைத்துப் போனோம். சிஸ்டரிடம் சென்றோம். "அது என்ன செய்யவில்லை என்பதை விடுங்கள். என்ன செய்கிறது என்று எழுதுங்களேன்" என்றார்.

பிறந்தபோது பெற்ற வெப்பத்தையே அது இன்னும் சிறிது சிறிதாக வெளியே தந்துகொண்டிருக்கிறது. அந்த வெப்பத்தால்தான் லூமன் அதைக் கண்டார். அப்படியே எழுதினோம். தலைப்பு அவள் வைத்ததுதான்.

கண்காட்சியன்று அவளே அட்டையருகில் நின்றாள். "இது எங்கேம்மா இருக்கு?" என்று ஒரு பாட்டி கேட்டார். "ஆயில்யத்துக்குத் தெற்கே, பாட்டி. நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் அங்கேதான் இருக்கிறது" என்றாள்.