ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி

திருச்சியில் ஒரு கிளப் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றுவிட்டால், அதன் நிர்வாகிகளில் யாராவது ஒருவர் அண்ணா விளையாட்டரங்க வாசலில் என்னை மறித்து, "சார், கோச்சை மாத்திரலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "பிராக்டிஸ் பாத்தீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பார்த்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கோரைப் பார்த்திருப்பார்; வாட்ஸ்அப் குழுவில் விழுந்த வசவைப் படித்திருப்பார்.

பொன்மலையில் ரயில்வேக்காரர்களோடு பந்து உதைத்து வளர்ந்து, இப்போது ஸ்ரீரங்கத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். கோச்சை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று புள்ளிப்பட்டியல் சொல்லாது என்பது என் கட்சி. அவர் சொல்லிக்கொடுத்தது இன்னமும் ஆட்டத்தில் தெரிகிறதா? தெரிகிறது என்றால் அணி கடைசி இடத்தில் கிடந்தாலும் அவரை வைத்துக்கொள்ளலாம். தெரியவில்லை என்றால் சீசன் நடுவிலேயே அனுப்பிவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மனிதரை உதாரணம் காட்ட முடியும். சென்னையின் எஃப்.சி.யின் கோச்சாக இருந்த ஜான் கிரிகரி.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் கோல் போட்டார். அதன்பின் சென்னைக்கு இரண்டு கார்னர். உதைத்தவர் கிரெகரி நெல்சன். இரண்டையும் தலையால் முட்டி உள்ளே தள்ளியவர் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ். அகஸ்டோ மூன்றாவதைப் போட, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. அந்தக் கார்னர்களை நான் யூடியூபில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். பையன்களுக்கும் காட்டுவேன்.

கார்னர் என்பது கோச்சின் கையெழுத்து. ஓடுகிற ஆட்டத்தில் ஆட்டக்காரனின் புத்தி வேலை செய்யும்; பந்து நின்று கிடக்கும்போதோ கோச் போட்டுக்கொடுத்த திட்டம்தான் ஓடும். பந்து எங்கே விழ வேண்டும், எதிராளியை மறிப்பது யார், முட்டப் போகிறவன் எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் வாரக்கணக்கில் சலிக்கச் சலிக்கச் செய்தால்தான் வரும். எங்கள் பையன்களுக்கு இதில் வராதது ஒன்றே ஒன்று: தாமதமாகக் கிளம்புவது. பந்தைக் கண்டதும் முன்னாலேயே ஓடிவிடுவார்கள். பந்து வந்து சேரும்போது கோல்கம்பத்தடியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். "உதைக்கிறவன் கால் தரையை விட்டுக் கிளம்புறப்போ நீ கிளம்புடா" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டுவிடும். ஒரு அணி இதைத் தப்பாமல் செய்கிறது என்றால், அங்கே கோச்சின் பேச்சு காதில் ஏறுகிறது என்று அர்த்தம்.

அடுத்த சீசனில் அதே கிரிகரி, அதே கிளப். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி. 9 புள்ளியோடு பத்து அணிகளில் பத்தாவது இடம். சாம்பியன் அணி ஒரே வருடத்தில் கடைசிக்கு வந்தால் எந்த ஊர் நிர்வாகமும் ஆளை மாற்றிவிடும். சென்னையின் மாற்றவில்லை. சரியான முடிவு என்றுதான் அப்போதும் சொன்னேன். தடுப்பை நிமிர்த்தி நிறுத்திய கேப்டன் செரீனோ போயிருந்தார். நடுக்களத்தில் உழைக்கும் நம் வியாசர்பாடி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் படுத்துவிட்டார். காயத்தையும் ஆள் விற்பனையையும் கோச்சின் தலையில் எழுதக்கூடாது. அதே அணி 2019 ஏப்ரலில் சூப்பர் கப் இறுதியாட்டம் வரை போய், கோவாவிடம் 2-1 என்று தோற்றது. கோச்சைக் கைவிட்டுவிட்ட அணி அவ்வளவு தூரம் போகாது.

நவம்பர் 2019 வேறு கதை. புது சீசனின் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, சென்னை நேரு ஸ்டேடியத்தில். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, காலரியில் உட்கார்ந்து பார்த்தேன். தொண்ணூறு நிமிடமும் 0-0. காயத்துக்கு ஈடுகட்டும் நேரத்தில் ஷெம்ப்ரி ஒன்று போட்டார். ஹைதராபாத்தின் கில்காலன் சமன் செய்தார். உடனே வால்ஸ்கிஸ் வெற்றி கோலைப் போட்டார். பக்கத்து சீட்டு ஆள் என்னைத் தூக்கியே விட்டார். எனக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம்தான் மனதில் நின்றது. பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து நொடியைப் பார்ப்பது என் பழக்கம். பக்கத்தில் இருப்பவன் பாய்கிறானா, பின்னால் இருப்பவன் இடத்தை அடைக்கிறானா? அன்றைக்கு இரண்டு பேர் பாய்ந்தால் மூன்று பேர் நின்றார்கள். சோம்பேறித்தனம் இல்லை, எப்போது பாய வேண்டும் என்பதில் ஒருமித்த எண்ணம் இல்லாமல் போயிருந்தது. வெற்றி கிடைத்த ராத்திரியில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த ஆட்டம் ஒடிசாவோடு 2-2. ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளி. மாதம் முடிவதற்குள் கிரிகரி விலகிவிட்டார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் கோய்ல் வந்தார், பர்ன்லியை இங்கிலாந்து பிரீமியர் லீகுக்கு ஏற்றிவிட்டவர். ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள்தான், கிரிகரி காலத்தில் சேர்ந்தவர்கள். மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து நான்காவது இடம். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டினார்கள். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளில்லாத ஃபட்டோர்டா மைதானத்தில் ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றார்கள். கோல் அடிக்கவே தெரியாது என்று ஊர் ஏசிய அதே வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார்.

இதைச் சொன்னதும், "பாத்தீங்களா, மாத்தினா வேலை நடக்குது" என்று நிர்வாகிகள் குதிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை எடுத்து, பாஸ் டெர் வேல் என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். தொடர்ந்து தோற்றுக் கோச்சை மாற்றிய அணிகள் மீண்டன. அதே அளவுக்குத் தோற்றும் மாற்றாமல் இருந்த அணிகளும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டன. பள்ளத்தில் விழுந்தவன் எழத்தான் செய்வான். யார் கைகொடுத்தார்கள் என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். சென்னையின் 2015இல் வென்ற கோப்பையும் அப்படித்தான். நடு சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணி. கோச் மார்கோ மட்டராஸியை யாரும் அனுப்பவில்லை. டிசம்பரில் கோவாவை 3-2 என்று வென்று வந்தார்.

கோய்லும் மந்திரவாதி இல்லை. அவரே 2023இல் திரும்பி வந்தார். முதல் சீசன் ஆறாவது இடம், 2024-25இல் பதினொன்றாவது. கோவையில் ஆடி 2018-19 ஐ-லீகை வென்ற சென்னை சிட்டியையும் பாருங்கள். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ்தான் கோச். அந்த சீசனில் பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். அடுத்த சீசன் நடுவில் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். அதன்பின் அணி சறுக்கியதென்றால், நவாஸின் மூளை திடீரென்று மழுங்கிவிட்டதா என்ன?

பேச்சு இங்கே வந்ததும் யாராவது மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்குசனை இழுப்பார்கள்: 1986இல் வந்தார், லீக் பட்டம் 1993இல்தான், பொறுத்ததால்தான் ஆயிற்று என்பார்கள். எந்த ஆட்டக்காரனை வாங்குவது, விற்பது என்பதில் அவருக்கு அங்கே பெரும் அதிகாரம் இருந்தது. நம் ஊர் கோச்சின் அதிகாரத்தில் எட்டு பந்தும் ஒரு விசிலும் மட்டும்தான் இருக்கும். பதினோரு பேரில் யார் இறங்குவது என்பதைக்கூட ஜெர்சிக்குக் காசு கொடுத்தவர் சொல்வதுண்டு. ஒரு கிளப் என்னை மாற்றியதும் அப்படி ஒரு விவகாரத்தில்தான். செய்தி பையன்கள் மூலமாக வந்து சேர்ந்தது.

பயமும் கோச்சை மாற்றும். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்ற சில நாளில் கோச் பான்டோவிச்சைச் சென்னையின் அனுப்பிவிட்டது. மிச்ச ஆட்டங்களுக்கு சபீர் பாஷா பொறுப்பேற்றார், இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய நம்மூர்க்காரர். சீசன் எட்டாவது இடத்தில் முடிந்தது. ஐந்து கோல் வாங்கிய ராத்திரியில் எடுக்கிற முடிவு எனக்குப் பிடிப்பதில்லை. 0-1 என்று தோற்ற ஆட்டத்தில் அதைவிடப் பெரிய விரிசல் தெரிந்திருக்கும். இக்கட்டு வந்தால் மட்டும் உள்ளூர் ஆளைத் தேடுவதும் வழக்கமாகிவிட்டது. 2025இல்தான் கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டாவை நிரந்தரக் கோச்சாகவே போட்டார்கள்.

விரிசலை எங்கே பார்ப்பது? மைதானத்தில் ஒரு சாயங்காலம் போதும். நாலு கோனுக்கு நடுவே நாலு பேர் பந்தைக் கைமாற்ற, இரண்டு பேர் பறிக்கிற பயிற்சி எல்லா இடத்திலும் உண்டு. கோச் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லோரும் ஓடுவார்கள். அவர் பந்துப் பையை எடுக்கவோ, போன் பேசவோ முதுகைத் திருப்புவார், அப்போது பாருங்கள். வேகம் குறையாமல் நடந்தால் அவரை விடாதீர்கள். நடுவில் நிற்கும் இரண்டு பேர் இடுப்பில் கை வைத்தால், பெரிய பையன் சின்னவனைத் திட்டி ஓட வைக்கிறானா என்று பாருங்கள். அவனும் கை வைத்துவிட்டால் புது ஆளைத் தேடத் தொடங்குங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தோல்விக்கு மறுநாள் கூட்டம் போடாதீர்கள். முடிவெடுக்கிறவர் ஒருவராவது வாரத்தில் ஒரு நாள் மைதானத்துக்கு வாருங்கள், கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் கோச்சை நேரில் உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள். போக்குவரத்துப் படி பாக்கி இருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.