ஆணியும் முகமும்

1974 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் வெனிஸில், கிறிஸ் பர்டன் ஒரு ஃபோக்ஸ்வாகன் காரின் பின்புறத்தில் சாய்ந்து கிடந்து இரண்டு உள்ளங்கைகளிலும் ஆணி அடிக்கச் செய்தார். காரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளினார்கள். இரண்டு நிமிஷம் எஞ்சின் அலறியது. திரும்ப உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சியவை புகைப்படமும் அந்த ஆணிகளும். ஆணிகளைப் புனித எச்சம் என்றே பெயரிட்டுப் பெட்டியில் வைத்தார் பர்டன். மேற்கில் பெர்ஃபாமன்ஸ் பற்றிய சண்டைகளில் பாதி இந்த மிச்சத்தைப் பற்றியதுதான்: அது படைப்பா, சாட்சியா, வெறும் குப்பையா?

இந்தக் கேள்வி தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூருக்கு வந்தால் தடுமாறிவிடும். அங்கே ஒவ்வொரு வருஷமும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளம். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தை இரவெல்லாம் ஆடுகிறார்கள். பெண் வேஷமும் ஆண்களே. முடிவில் நரசிம்மரின் முகம் வெளிப்படுகிறது. மற்ற நாட்களில் அந்த முகம் கோயிலில் பூஜை பெறுகிறது. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். அணிந்தபின் ஆவேசம் வந்தால் பிடித்து நிறுத்த ஆட்கள் வேண்டும். நடிப்பா நிஜமா என்று கேட்கலாம். பிடித்திருப்பவர்களின் முழங்கையைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

இந்த முகத்தை எச்சம் என்று எப்படிச் சொல்வது? போன வருஷம் நடந்ததைவிட, வரும் மே மாசம் நடக்க இருப்பதற்கே அது அதிகம் கட்டுப்பட்டிருக்கிறது.

பாங்கில் என் சீட்டுக்கு எதிரே நகைக்கடன் கவுண்டர். குறுவைக்கு முன்னால் சங்கிலிகள் உள்ளே வரும். அறுப்பு முடிந்து பணம் கைக்கு வந்தால் வெளியே போகும். பையில் கடன் எண்ணோடு பெட்டகத்தில் கிடக்கும் சங்கிலி யார் கழுத்திலும் இல்லை. அது நகையில்லை என்று அடகு வைத்தவளிடம் சொல்லிப் பாருங்கள். கெடு தப்பி ஏலத்துக்குப் போனால்தான் ‘மூழ்கிப்போச்சு’ என்பாள். அப்புறம் அது இத்தனை கிராம் என்ற கணக்கு மட்டும்.

பர்டனின் ஆணிகள் மூழ்கிய நகை. யாரும் மீட்க முடியாது என்பதில்தான் அவற்றின் விலையே இருக்கிறது. இழிவாகச் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை என்பதன் பயங்கரம் அந்த இரும்பில் இருக்கத்தான் செய்கிறது.

உடனே நம் மரபின் பெருமை என்று துள்ளவும் வேண்டாம். ஊத்துக்காட்டிலும் நல்லூரிலும்கூட ஒரு காலத்தில் பாகவத மேளம் ஆடினார்கள், நின்றுபோயிற்று. ஆட்டம் நின்றபின் ஒரு முகத்துக்குப் பூஜை மட்டும் தொடர்ந்தால் அது விக்கிரகம் ஆகிவிடும், அவ்வளவுதான். நாம் மியூசியத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கோயிலும் மூழ்கடிக்கும்.

மெலட்டூரில் ஆடுகிறவர்களில் பலர் வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்கிறார்கள். முகம் இன்னும் மூழ்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் அந்த லீவு விண்ணப்பங்கள்தான்.