புத்தகம் இல்லாத அம்பாஸிடர்

கொல்கத்தாவில் பல வருஷங்களாகக் குடித்தனம் செய்துவரும் நேயர்களுக்கு மல்லிக் பஜாரை அறிமுகம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. லோயர் சர்க்குலர் ரோடு என்று நம்மில் பலர் பழைய பெயரிலேயே இன்னும் அழைக்கும் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் பார்க் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் இடம் அது. வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தர் உறங்கும் கல்லறைத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கருகே, ஆயுள் முடிந்த மோட்டார் வண்டிகளின் உறுப்புகள் மறுபிறவி எடுக்கின்றன. கதவுகள், கண்ணாடிகள், ரேடியேட்டர்கள், பம்பர்கள் எல்லாம் கடை வாசல்களில் குவிந்து கிடக்கும். எந்த வருஷத்து வண்டிக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். கடைப் பையன் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் கொண்டுவந்து வைப்பான்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் கணவனும் மனைவியுமாக அங்கே போனது உறுப்பு வாங்குவதற்காக அல்ல. முழு வண்டி ஒன்றைத் தேடி. எங்கள் கல்யாண ஊர்வலம் நடந்தது ஓர் அம்பாஸிடர் காரில். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அத்தகைய வண்டி ஒன்றை வாங்கிப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் கங்கைக் கரை வரையில் போய்வர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. வேறு வீண் செலவு அறியாத வீட்டில் இந்த ஒரு பைத்தியம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிள்ளைகளும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் பேச்சைக் காதில் வாங்கிய தரகர் ஒருவர் அருகில் வந்தார். “தாதா, நீங்கள் மதராஸிதானே? உங்கள் ஊர் நம்பர் போட்ட வண்டியே ஒன்று இருக்கிறது. 1964-ஆம் வருஷத்து மாடல். விலை 90,000 ரூபாய். ஹிந்த் மோட்டாரில் ஒரு பட்டறையில் நிற்கிறது” என்றார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் எங்கள் மனம் இளகியது உண்மை. அன்று பிற்பகலே ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறிவிட்டோம்.

லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா என்று வரிசையாக நிலையங்கள் கடக்கின்றன. அடுத்தது ஹிந்த் மோட்டார். ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் பெயரையே தாங்கிய ரயில் நிலையம் இது. பிர்லா குடும்பத்தினர் 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, சுதந்திரம் வந்த மறுவருஷம் இங்கே வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி 1957-இல் இங்கே பிறந்த அம்பாஸிடர், மந்திரிகளுக்கும் கலெக்டர்களுக்கும் டாக்டர்களுக்கும் வாகனமாக இருந்தது; மஞ்சள் டாக்ஸியாகி ஏழைகளையும் சுமந்தது. 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் உற்பத்தி நின்றது. இன்று ரயிலை விட்டு இறங்கினால் சங்கு ஒலி இல்லை. ஷிப்டு மாறும் கூட்டமும் இல்லை. நீண்ட மதிலும், மதிலுக்கு மேல் வளர்ந்த மரங்களுமே தெரிகின்றன.

தரகர் எங்களை அழைத்துச் சென்ற பட்டறை ஒரு தகரக் கொட்டகை. அதன் சொந்தக்காரரான மிஸ்திரி, தொழிற்சாலை மூடும் வரையில் அங்கே வேலை செய்தவர். மூலையில் தார்ப்பாலினை விலக்கிக் காட்டினார். சாம்பல் நிற அம்பாஸிடர் ஒன்று நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் நின்றது. கட்டம் போட்ட முன் கிரில், ஸ்டியரிங் தண்டிலேயே அமைந்த கியர்க் கோல், மூவர் தாராளமாக உட்காரக்கூடிய முன் இருக்கை எல்லாம் நாங்கள் நினைவில் வைத்திருந்தபடியே இருந்தன. எண் பலகையில் சென்னை ராஜ்யத்தைக் குறிக்கும் ‘எம். எஸ்.’ என்ற எழுத்துகள் பாதி உரிந்த நிலையிலும் படிக்கக் கூடியதாக இருந்தன. நாங்கள் பேச்சற்று நின்றோம். அந்த மௌனத்தைத் தரகர் நன்றாகப் புரிந்துகொண்டார்.

“ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கலாமா?” என்று கேட்டோம்.

மிஸ்திரி தரையைப் பார்த்தார். தரகர்தான் பதில் சொன்னார்: “புத்தகம் இல்லை. அதனால்தான் இந்த விலை. வேண்டுமானால் இன்னும் 40,000 கொடுங்கள். இதே வருஷத்து வண்டி ஒன்று உடைக்கப்பட்டது. அதன் புத்தகம் கைவசம் இருக்கிறது. அந்த எண்ணை இதில் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! செத்த வண்டியின் பெயரை உயிருள்ள வண்டிக்குச் சூட்டுவதாம். சேஸிஸ் எண்ணை மாற்றுவது குற்றம். அப்படிப்பட்ட வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். நஷ்டஈடு முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும். அடிபட்டவருக்கும் நியாயம் கிடைக்காது. இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆயினும், அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு கணம் ‘கேட்டுத்தான் பார்ப்போமே’ என்ற சபலம் தட்டியது என்பதை நேயர்களிடம் மறைக்கப் போவதில்லை.

அந்தச் சபலத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியவர் மிஸ்திரியே. தரகர் டீ குடிக்க வெளியே போன சமயத்தில் அவர் மெல்லச் சொன்னார்: “அம்மா, இந்த வண்டி என்னுடையது அல்ல. 1984-இல் என் தகப்பனாரிடம் ரிப்பேருக்கு விட்டார்கள். அப்போது பட்டறை பவானிப்பூரில் இருந்தது. வண்டிக்காரர் உங்கள் ஊர்க்காரர். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனார், திரும்பவில்லை. கூலிப் பணமும் வரவில்லை. தகப்பனார் சாகும்போது, ‘அவர் வருவார், வண்டியை விற்காதே’ என்றார். இப்போது பெண் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருக்கிறது.”

இதன்பின் எங்களுக்கு வண்டியைவிட அந்தக் கேள்விதான் பெரிதாகிவிட்டது. இது யாருடைய வண்டி? நாற்பது வருஷம் வெயில் மழை படாமல் காத்தவருடையதா? விட்டுவிட்டுப் போனவருடையதா?

வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டோம். அவர் விளக்கியது இது. ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவின்படி, ஒரு பொருளை வாங்கி அதில் உழைத்தவர், கூலி கிடைக்கும் வரையில் அதைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிறுத்தி வைப்பது வேறு. சொந்தக்காரராகி விற்பது வேறு. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாகச் சொல்லுவது, தமக்கு இல்லாத உரிமையை எவரும் பிறருக்கு விற்க முடியாது என்பதே. ஆகவே 90,000 கொடுத்தாலும் நாங்கள் வாங்குவது இரும்பாகத்தான் இருக்கும், வண்டியாக இராது.

ஆர்.சி. புத்தகத்தை வெறும் காகிதம் என்று நினைப்பது தவறு. இன்ன எண்ணுள்ள சேஸிஸ், இன்ன எண்ணுள்ள இஞ்சின், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்ற வம்சாவளி அது. புத்தகம் தொலைந்துபோனால் மறு பிரதி வாங்க வழி உண்டு. அதற்கான 26-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பம் செய்ய வேண்டியவர் பதிவான சொந்தக்காரர். விண்ணப்பிக்க வேண்டிய இடம் புத்தகம் வழங்கிய காரியாலயம். சொந்தக்காரர் காலமாகியிருந்தால், வாரிசுகள் 31-ஆம் படிவத்தின் மூலம் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகே விற்பனைக்குரிய 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திட முடியும். வேறு ராஜ்யத்துக்குக் கொண்டுபோவதானால் 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்றும் வேண்டும். எந்த வழியில் போனாலும் முதலில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மறு வாரம் மீண்டும் போனோம். மிஸ்திரி இஞ்சின் மூடியைத் திறந்து, தகட்டின் மேல் படிந்த பெயிண்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டோம். பிறகு லேக் மார்க்கெட்டில் விசாரணை தொடங்கியது.

ராஷ்பிஹாரி அவென்யூவில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போகும் எவரும் அறிவார்கள், அங்கே செய்தி பரவத் தபால்காரர் தேவையில்லை. பதினைந்து நாட்களுக்குள் எண்பது வயதைக் கடந்த பாட்டியம்மாள் ஒருவர் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். “சாம்பல் நிறக் கார்தானே? எங்கள் மாடியில் குடியிருந்தவர்களுடையது. 1983-இல் மாற்றலாகி வந்தபோது ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, போட்டது போட்டபடி ஊருக்குப் போய்விட்டார்கள்” என்றார். அந்த வீட்டுப் பெண்ணின் சென்னை விலாசமும் அவரிடம் இருந்தது. இன்றும் பொங்கலுக்குக் கடிதம் வருகிறதாம்.

தொலைபேசியில் அந்த அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னதும், மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “வண்டி இன்னும் இருக்கிறதா, மாமா?” என்றார். அவருடைய தகப்பனார் 1998-இல் காலமாகிவிட்டார். பாட்டியின் வைத்தியச் செலவில் கூலியை அனுப்ப முடியாமல் போனதையும், பிறகு பட்டறைக்கு எழுதிய கடிதம் விலாசதார் இல்லை என்று திரும்பி வந்ததையும் சாகும்வரையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆர்.சி. புத்தகம் சைதாப்பேட்டை வீட்டில் அடிப்பெட்டியில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம் பெட்டியோடு கொண்டுபோய்விட்டது. ஆனால் பீரோவின் மேல் தட்டில் பழைய இன்ஷ்யூரன்ஸ் காகிதம் ஒன்று தப்பியிருந்தது. அதைப் படம் பிடித்து அனுப்பினார். எங்கள் பென்சில் அச்சிலிருந்த சேஸிஸ் எண்ணும் அதுவும் ஒன்றாகவே இருந்தன.

இஞ்சின் எண் மட்டும் பொருந்தவில்லை. கேட்டதற்கு மிஸ்திரி கொட்டகையின் பின்புறம் அழைத்துச் சென்று ஒரு சாக்கை விலக்கினார். பழைய இஞ்சின் அங்கே கிடந்தது. வண்டி துருப்பிடித்துப் போகாமல் அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பதற்காகத் தகப்பனார் வேறு இஞ்சின் பொருத்தினாராம். பழையதை எடைக்குப் போட மனம் வரவில்லையாம்.

காரியாலயத்தில் விசாரித்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. 2021 ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் புராதன வண்டிகளுக்கென்று தனி விதிகள் செய்திருக்கிறது. முதற்பதிவாகி 50 வருஷங்கள் கடந்து, சேஸிஸிலும் கூட்டிலும் இஞ்சினிலும் பெரிய மாறுதல் இல்லாத வண்டிகளுக்கு ‘வி. ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனி எண் கொடுக்கப்படும். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷங்களுக்குச் செல்லும். ஆனால் இதற்கும், இந்தியாவில் முன்பே பதிவான வண்டியானால், பழைய ஆர்.சி. புத்தகத்தைக் காட்டியாக வேண்டும். மேலும், இந்த வண்டியைக் கண்காட்சிக்கும், பழைய வண்டி அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் கொண்டுபோகலாமே ஒழிய நித்திய உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. ஞாயிறு தோறும் கங்கைக் கரைக்குப் போவது அந்தப் பட்டியலில் இல்லை! ஆகவே, தகுதிச் சோதனை செய்து சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் நீண்ட வழியையே நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

அந்த அம்மையாரும் அவருடைய தம்பியும் சென்னையில் வேண்டிய மனுக்களைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கையெழுத்துப் பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். எத்தனை மாதம் ஆகுமோ! இதற்கிடையில் அவர்கள் இருவரும் 1984-ஆம் வருஷத்துக் கூலியுடன், அவர்களால் இயன்றதையும் சேர்த்து மிஸ்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியின் விலையைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. நாங்கள் இதுவரை ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. தரகர் எங்களை மல்லிக் பஜாரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அம்மையார் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “பின் கண்ணாடியில் அம்மா தைத்த பச்சைத் திரை இருக்கிறதா?” போய்ப் பார்த்தோம். திரை இல்லை; அதைக் கோத்திருந்த கம்பி மட்டும் இருக்கிறது. அப்படியே எழுதினோம்.

உத்தியோகம் முடிந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் நம் சங்கத்தில் வருஷந்தோறும் உண்டு. பாத்திரம் பண்டங்களைக் கட்டும் அவசரத்தில், “வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுப் போகாதீர்கள். விற்றால் படிவங்களில் கையெழுத்திட்டுப் புத்தகத்தையும் உடன் கொடுங்கள். பட்டறையில் விட்டால் கூலியைத் தீர்த்து, புது விலாசத்தை எழுதிக் கொடுங்கள். பழைய வண்டி வாங்க விரும்புவோரும், புத்தகம் இல்லை என்றால் விலையைக் கேட்காதீர்கள், சொந்தக்காரரைக் கேளுங்கள். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்து, ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுக்கும் அலைந்த நமக்குக் காகிதத்தின் அருமையை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வண்டி ஹிந்த் மோட்டாரில், அதே செங்கல் அடுக்குகளின் மேல் நிற்கிறது. மிஸ்திரி புதுத் தார்ப்பாலின் வாங்கிப் போட்டிருக்கிறார்.