இறங்கி வரும் நாலு கார்டு

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஓர் அறை இருந்தது. அங்கே குடியிருந்த அண்ணன்தான் எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர். ஞாயிறு காலையில் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வாசிப்பார். எனக்கு அவர் முதலில் கொடுத்தது நாலு கார்டு: ஏ மைனர், ஜி, எஃப், இ. "இதையே வாசிச்சுக்கிட்டு இரு தம்பி, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். எங்கிருந்துண்ணா வந்துச்சு என்று கேட்டேன். "ஸ்பெயின்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

எஃப் கார்டு பிடிக்க விரல் நொந்தது. ஆனாலும் அந்த நாலும் என்னை விடவில்லை. எந்தக் கிட்டாரை எடுத்தாலும் கை முதலில் அங்கேதான் போகும். அதனால் அதன் ஊரைத் தேடத் தொடங்கினேன்.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. இதற்கு 'ஆந்தலூசியன் கேடன்ஸ்' என்றே பெயர். தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இதில்தான் மூச்சு விடுகிறது. நாம் இ-யில் நின்றால் ஏ மைனருக்குத் திரும்பத் தவிப்போம். ஃபிளமெங்கோவிலோ அந்த இ-தான் வீடு. அமெரிக்காவில் ரே சார்ல்ஸ் 1961இல் பாடிய 'ஹிட் த ரோட் ஜாக்' முழுக்க இதே இறக்கம். இன்னும் பின்னால் போனால் இத்தாலி. மான்டெவெர்தி 1638இல் வெளியிட்ட எட்டாம் மாட்ரிகல் தொகுப்பில் காதலன் கைவிட்ட பெண்ணின் புலம்பல் ஒன்று உண்டு. மேலே அவள் குரல் அலைபாய, அடியில் ஏ, ஜி, எஃப், இ என்ற நாலே சுரம் திரும்பத் திரும்ப இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கார்டை விட்டுவிட்டு அடிச்சுரங்களை மட்டும் வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். சின்ன வயதில் சரளி வரிசை பாடிய வாய். ஏ-யை ஸ என்று வைத்ததும் வந்தது: ஸ நி த ப. அவரோகணத்தின் முதல் பாதி!

அதோடு முடியவில்லை. ஜி கார்டில் மூன்றாம் தந்தியை அழுத்தாமல் விடுகிறோம். அது கைசிகி நிஷாதம். இ கார்டில் அதே தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் உட்காருகிறது. அது காகலி நிஷாதம். ஏ மைனர், ஜி, எஃப் மூன்றும் கர்நாடக இசையின் 20ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, நடபைரவி. இ வந்ததும் 21ஆவது மேளமான கீரவாணி. இரண்டு மேளத்துக்கும் வித்தியாசமே அந்த ஒரு நிஷாதம்தான். காகலி நிஷாதம் ஸட்ஜத்தை ஒட்டி நிற்பதால் ஸ-வுக்கு ஏங்குகிறது. அந்த ஏக்கத்துக்காகவே ஐரோப்பியர்கள் முடிவில் நிஷாதத்தை அரைச் சுரம் ஏற்றினார்கள். நம் முறைப்படி நடபைரவிக்கு அது அந்நிய ஸ்வரம்.

இதை வைத்து இது நம்மிடமிருந்து போனது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது தவறு. கார்டுகளை அடுக்கும் இலக்கணம் அவர்களுடையது. மேளகர்த்தாவை வகுத்த வேங்கடமகியும் மான்டெவெர்தியின் அதே 17ஆம் நூற்றாண்டுக்காரர் என்றாலும், தஞ்சையில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வியே வேறு.

இரண்டையும் ஒரே கையில் பிடித்தவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். கன்னடப் படங்களின் பெரிய இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், கிட்டாரும் வாசித்தார். இளையராஜாவின் நூறாவது படம் 'மூடுபனி', 1980. அதில் 'என் இனிய பொன் நிலாவே' கிட்டாரோடு தொடங்குகிறது, ராகம் நடபைரவி. எங்கள் மாடி அறையில் அதிகம் ஒலித்த பாட்டும் அதுதான். அண்ணன் இலக்கணம் பேசியதில்லை. இ-க்கு வரும்போது மட்டும் சற்று நிறுத்தி, "இங்க கேளு" என்பார்.

உங்கள் வீட்டில் கிட்டார் இருந்தால் மூன்றாம் தந்தியை மட்டும் மீட்டிப் பாருங்கள். அழுத்தாமல் ஒரு முறை, முதல் ஃப்ரெட்டில் ஒரு முறை, இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு முறை: கைசிகி, காகலி, ஸட்ஜம்.