காற்றைக் கேட்டுப் போட்ட அடுப்பு

தேங்காய் நாரைக் கைப்பிடி அளவு சுருட்டிக் கொளுத்தினார் மேஸ்திரி. சுடரை ஊதி அணைத்துவிட்டு, கங்கோடு அதைத் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் வைத்தார். மாலை நான்கு மணிக் கடற்காற்று புகையை அள்ளிக்கொண்டு நேரே கூடத்துச் சன்னலுக்குள் நுழைந்தது.

"அக்னி மூலைன்னு இங்க அடுப்பப் போட்டா, ராத்திரி வரைக்கும் பொக வூட்டுக்குள்ளதாம்மா நிக்கும்" என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னார். நாரை எடுத்து வடக்குச் சுவரோரம் மாற்றினார். புகை மதிலைத் தாண்டித் தென்னந்தோப்புப் பக்கம் போனது. அங்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். வெளிச் சமையலறைக்கு இடம் குறித்தாயிற்று.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. புதுச்சேரியைச் சேர்ந்த மீனவ ஊர். இந்தச் சாலையோரப் புது வீடுகளில் இப்போது தோட்டத்துச் சமையலறை கேட்கிறார்கள். கரையில் வாழ்பவர்களுக்கு அது புதிதல்ல. கருவாடு வறுக்க, நண்டு அவிக்க, விசேஷத்துக்கு அண்டாவில் சோறு வடிக்க எப்போதும் அடுப்பு வெளியில்தான். அதைக் கட்டும் கைகளைப் பார்க்கத்தான் நான் போனேன்.

இடம் குறித்ததும் மேஸ்திரி கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "யாரும்மா சமைப்பாங்க? நின்னுக்கினா, குந்திக்கினா?" அந்த அம்மாவை நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொன்னார். முழங்கைக்கு அரையடி கீழே சுவரில் பென்சில் கோடு விழுந்தது. காய் அரியவும் மீன் ஆயவும் மேடை அந்த உயரம். அடுப்பு மேடை அதைவிட முக்காலடி தாழ்வு. பானையின் உயரமும் அடுப்போடு சேரும் என்பதால், தாழ்வாக இருந்தால்தான் தோளைத் தூக்காமல் கிண்ட முடியும். அண்டா அடுப்பு தரையிலேயே. மொத்தம் பத்தடிக்கு ஏழடி.

கடலோரத்தில் கட்டுகிறவர் மழைக்கும் உப்புக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதனால் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தி, எட்டடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விட்டு, தண்ணீரை வாழைப் பாத்திக்குத் திருப்பினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பும்போது புகையும் வீட்டுப் பக்கம் திரும்பும். அதற்காக வடக்கிலும் கிழக்கிலும் மார்பளவு சுவர், கூரைக்கு மேல் மூன்றடி புகைபோக்கி.

சுவருக்கு அழுத்திய மண்கல். 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் இந்தக் கல்லைப் பரப்பியது. சலித்த மண்ணில் ஐந்து சதவீத அளவு சிமெண்ட் சேர்த்து அழுத்தி எடுப்பார்கள், சூளை வேண்டாம். மேடைக்கு கிரானைட். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டால் மங்கிவிடும். தண்ணீர்த் தொட்டி 316 ரக எஃகு. அதில் உள்ள மாலிப்டினம் உப்புக்காற்றை வழக்கமான 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குக் காற்றுத் துளைகளை அடியிலேயே விட்டார் மேஸ்திரி. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும்.

அடுப்புக் குழிக்கு வந்ததும் அவர் கரணையைக் கழுவி வைத்துவிட்டார். "இனிமே அக்கா வேல."

அக்கா கரையோரத் தெருவில் இருப்பவர், காலையில் மீன் விற்கிறவர். சிமெண்ட் கலவையை அடுப்புக்குள் அவர் விடுவதில்லை. கெட்டிப்பட்ட சிமெண்டுக்குள் பிணைந்திருக்கும் நீரைத் தீயின் சூடு பிரித்துவிடும், பூச்சு உதிர்ந்து போகும். அவர் வைத்திருந்தது ஏரிக் களிமண், புற்றுமண், ஆற்றுமணல், உமி. முதல் நாளே ஊறவைத்து, காலால் மிதித்து, ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். திரி வெடித்தது. கொஞ்சம் களிமண் சேர்த்து மறுபடி மிதித்தார். இம்முறை திரி வளைந்தது, வெடிக்கவில்லை.

அந்த வீட்டு மீன்சட்டியையே நடுவில் கவிழ்த்து, அதைச் சுற்றி மண்ணை அணைத்தார். சட்டிக்கும் சுவருக்கும் ஒரு விரல் சந்து. மேல்விளிம்பில் மூன்று குமிழ். "சந்து கூடுனா சூடெல்லாம் வெளிய பூடும். கொறஞ்சா நெருப்பு மூச்சு முட்டிப் பொகையும்" என்றார். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்தில் சேராமலே போகிறது. புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. ஆய்வுக்கூடங்கள் கண்டதும் அக்காவின் அந்த ஒரு விரல் சந்தைத்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா குழு வடிவமைத்த 'அஸ்த்ரா ஒலே' அடுப்பு, தீயையும் பாத்திரத்தையும் நெருக்கிவைத்தே விறகை மிச்சம் பிடித்தது. 1980களில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் போடப்பட்டன. அவற்றில் ஏராளமானவை கைவிடப்பட்டன. சமைப்பவரின் பாத்திரம் எது, விறகு எது என்று கேட்காமல் போட்ட அடுப்பு நிலைக்காது.

அடுப்பு நிழலில் காய வேண்டும். வெயிலில் காய்ந்தால் கீறல் விடும். நன்றாகக் காய்ந்தபின் முதலில் நாரும் மட்டையும் மட்டும் போட்டு இளந்தீ. பிறகுதான் சவுக்கு மிலாறு, கடைசியாகச் சவுக்குக் கட்டை. அந்த முறைப்படி பற்றவைத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தீ குழிக்குள்ளேயே வளைந்து சட்டியின் அடியை நக்கியது. அடுத்த வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, புகை அதைத் தொடவில்லை.

அக்காவின் சொந்த அடுப்பு இருந்த கொல்லை இப்போது இல்லை. கடல் எடுத்துக்கொண்டது. 1980களின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. பிள்ளைச்சாவடி வடக்கே இருக்கிறது. இடம் மாறியவர்களுக்குக் கிடைக்கும் வீடுகளின் வரைபடத்தில் சமையலறை உண்டு, கொல்லை இல்லை. 2004 சுனாமிக்குப் பின் கரையோரங்களில் எழுந்த பல கான்கிரீட் வீடுகளிலும் இதே குறை.

"அடுப்பு வேலைல நாந்தான் அக்காவுக்குச் சித்தாளு" என்று மேஸ்திரி மனதாரச் சொன்னார். ஆனால் கூலிக் கணக்கில் அக்காதான் சித்தாள். அந்த வீட்டு அம்மா கொத்தனார் கூலியைக் கொடுத்து அதைச் சரிசெய்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் அடுப்புக் கட்ட நினைப்பவர்கள் படங்களைப் புரட்டுவதற்கு முன் அக்கா போன்ற ஒருவரைக் கூப்பிட்டுக் காற்றைப் பார்க்கட்டும். கடலிடம் கொல்லையை இழந்தவர்களுக்கு வீடு கட்டும் அரசு, வரைபடத்தில் அடுப்புக்குப் பத்தடிக்கு ஏழடி விட்டு, அது எந்தப் பக்கம் என்பதைச் சமைக்கும் பெண்களைக் கேட்டு முடிவு செய்யட்டும்.